ஒரு மீட்டருக்குள் மறையும் வரப்பு: கல்வராயன் மலையை யார் அளப்பது?

ஒன்றிய அரசு 2022 டிசம்பர் 28 அன்று அறிவிக்கை செய்த தேசிய புவிசார் கொள்கையின் இலக்குகளில், பலரும் கடந்து போய்விட்ட ஒரு வரி இருக்கிறது. 2030ஆம் ஆண்டுக்குள் நாடு முழுவதற்கும் உயர் துல்லிய நிலத்தோற்ற அளவையும் வரைபடமும் முடிக்கப்பட வேண்டும் என்பது இலக்கு. நகரங்களும் ஊரகப் பகுதிகளும் 5 முதல் 10 சென்டிமீட்டர் துல்லியத்தில் வரையப்படும். காடுகளும் தரிசு நிலங்களும் 50 முதல் 100 சென்டிமீட்டர் துல்லியத்தில் வரையப்படும். தரையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் எண்மய மாதிரி சமவெளிக்கு 25 சென்டிமீட்டர் அளவிலும், மலைப்பகுதிகளுக்கு 1 முதல் 3 மீட்டர் அளவிலும் அமையும். 2025 பிப்ரவரியில் வெளியான ஒன்றிய நிதிநிலை அறிக்கை, தேசிய புவிசார் இயக்கத்துக்கு 100 கோடி ரூபாயை ஒதுக்கியது. ஆகவே இது தாளில் மட்டும் இருக்கும் திட்டமன்று.

காட்டுக்கு ஏன் குறைந்த துல்லியம் என்று பொறியாளரைக் கேட்டால் நியாயமான விடைகள் கிடைக்கும். மரக்கவிகைக்குக் கீழே தரை தெரியாது, செலவு கூடும், மலைச்சரிவில் படம் எடுப்பது கடினம். இவற்றை நான் மறுக்கவில்லை. இன்று நம் கையில் இருக்கும் வரைபடங்களோடு ஒப்பிட்டால் 50 சென்டிமீட்டர் என்பதே பெரிய முன்னேற்றம்தான். என் கவலை 'காடுகளும் தரிசு நிலங்களும்' என்ற வகைப்பாட்டைப் பற்றியது. இந்த நாட்டில் பழங்குடிகள் உழுகிற நிலத்துக்கு அரசுப் பதிவேட்டில் காடு என்று பெயர். தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட நிலம் பெரும்பாலும் தரிசு என்ற பெயரில் இருந்தே வந்தது. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்கீர் அளித்த அறிக்கையும், அதைத் தொடர்ந்து 1892இல் பிறந்த பஞ்சமி நில அரசாணையும் பேசியது அரசுத் தரிசைப் பற்றித்தான். எந்த இரண்டு வகை நிலங்களில் நம் மக்களின் உரிமை தொங்கிக்கொண்டிருக்கிறதோ, சரியாக அந்த இரண்டையும் பத்து மடங்கு மங்கலாகப் பார்த்தால் போதும் என்று கொள்கை முடிவு செய்திருக்கிறது. நீளத்தில் பத்து மடங்கு என்பது பரப்பில் நூறு மடங்கு என்பதையும் சேர்த்துக் கொள்க.

இந்தக் கணக்கு ஒரு மலையில் எப்படி இறங்கும் என்பதைப் பார்க்கக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலையைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

மலை தெரிந்தது, வயல் தெரியவில்லை

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு துண்டு. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஒரு பகுதியும், கருமந்துறை உள்ளிட்ட மறுபகுதி சேலம் மாவட்டத்திலுமாகக் கிடக்கிறது. வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு என்று ஊர்கள் மேட்டிலும் பள்ளத்திலும் சிதறிக் கிடக்கும். கோமுகி, மணிமுத்தா ஆறுகளுக்கு நீர் இங்கிருந்துதான் இறங்குகிறது. மக்களில் மிகப் பெரும்பான்மையினர் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தை நினைக்க வேண்டாம், மலையை ஆள்பவர் என்ற பொருளில் அமைந்த பெயர் அது. சாமை, தினை, கேழ்வரகு, இப்போது பெருமளவில் மரவள்ளி ஆகியவை பயிர்கள். கடுக்காயும் புளியும் தேனும் காட்டு விளைச்சல்.

1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்டன் அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். அங்கே பிறந்த முக்கோண அளவை, சென்னை மாகாணத்தின் மலையுச்சிகளையும் கோயில் கோபுரங்களையும் பிடித்துக்கொண்டு பரவியது. மலைகளின் உயரமும் உச்சிகளுக்கிடையிலான தூரமும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அரசுக்குத் தெரிந்துவிட்டன. படை நகர்த்தவும் சாலை போடவும் அது போதுமானதாக இருந்தது.

வரி வாங்க வேறொரு வரைபடம் வேண்டியிருந்தது. 1858 முதல் சென்னை மாகாணத்தில் வயல் வயலாக, புல எண் இட்டு நடந்த அளவை அதற்கானது. இன்று நாம் கையில் வைத்திருக்கும் பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு, புலப்படம் யாவற்றுக்கும் வேர் அங்கேதான். ஆனால் அந்த அளவை ரயத்துவாரி நிலங்களுக்கு உரியது. ஜமீன், ஜாகிர் பகுதிகளைப் பொதுவாக அது தொடவில்லை. அங்கே வரியை வசூலிக்க வேண்டியவர் ஜாகிர்தார், அரசுக்கு அவர் பெயர் ஒன்று தெரிந்தால் போதும். கல்வராயன் மலை சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்களின் கீழ் இருந்தது. நாடு விடுதலை பெற்று, ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்து, வழக்குகள் நடந்து, 1970களின் நடுவில்தான் இம்மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்கு முழுமையாக வந்து சேர்ந்தது. ஆக, சமவெளி உழவரின் தாத்தாவுக்குப் புல எண் இருந்த காலத்தில், மலையில் உழுதவரின் தாத்தாவுக்கு ஜாகிர்தாரின் வாய்ச்சொல் மட்டுமே இருந்தது.

இதற்கு இடையில் 1882ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டம் தன் கோட்டைத் தனியாகப் போட்டுக்கொண்டு வந்தது. அச்சட்டத்தின் 4ஆம் பிரிவில் ஒரு பகுதியைக் காப்புக்காடாக்க உத்தேசம் அறிவிக்க வேண்டும். வனத் தீர்வு அலுவலர் மக்களின் உரிமைக் கோரிக்கைகளை விசாரிக்க வேண்டும். 16ஆம் பிரிவில் இறுதி அறிவிக்கை வெளியாகும். அறிவிக்கையைப் படிக்கத் தெரியாதவர், படித்தாலும் காட்டுவதற்கு ஆவணம் இல்லாதவர் அந்த விசாரணையில் எப்படி நின்றிருப்பார்? காப்புக்காட்டின் எல்லைக்கல் எங்கே நடப்பட்டது என்பது பல ஊர்களுக்கு அபராதம் கட்டும்போதுதான் தெரிந்தது.

ஒரு கோடு எவ்வளவு செய்யும் என்பதற்கு இன்னொரு சான்றும் இங்கேயே உண்டு. தமிழ்நாட்டுப் பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்ற பதிவு தருமபுரி, வடஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னாற்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களுக்கு மட்டும் என்று எழுதப்பட்டிருக்கிறது. தென்னாற்காட்டின் வழித்தோன்றல் என்பதால் கள்ளக்குறிச்சியின் மலையாளி பழங்குடி. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழும் மலையாளி, அதே பெயர், அதே வாழ்க்கை இருந்தும், பழங்குடி அல்லர். ஒரு மாவட்ட எல்லைக்கோட்டின் எந்தப் பக்கம் பிறந்தார் என்பது அவர் பிள்ளையின் கல்லூரி இடத்தைத் தீர்மானிக்கிறது.

அரை ஏக்கர் எத்தனை மில்லிமீட்டர்?

இந்திய நில அளவைத் துறையின் நிலத்தோற்ற வரைபடங்கள், அலுவலக வழக்கில் டோப்போ ஷீட்டுகள், 1:50,000 அளவில் அச்சிடப்படுபவை. கல்வராயன் மலை பெரும்பாலும் 58 ஐ என்ற தொகுதிக்குள் விழும். பழுப்பு நிறத்தில் சமஉயரக் கோடுகள், இருபது மீட்டருக்கு ஒரு கோடு. காடு பச்சை, நீர் நீலம், குடியிருப்பு சிவப்பு. 2005ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கைக்குப் பிறகு பொதுமக்களுக்கான தொகுப்பு தனியாக வந்தது. 2017 முதல் அவற்றை இணையத்தில் விலையின்றிப் பதிவிறக்கவும் முடிந்தது. சட்டம் படிக்கும் மாணவர்கள் ஒரு முறையாவது ஒன்றை விரித்துப் பார்க்க வேண்டும்.

அந்தத் தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் ஐம்பது மீட்டர். அரை ஏக்கர் நிலத்தைச் சதுரமாக வைத்தால் பக்கத்துக்கு ஏறத்தாழ 45 மீட்டர் வரும். தாளில் அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆகவே வரைபடத்தில் பச்சை நிறம் பூசப்பட்ட இடத்தில் வயல் இல்லை என்று முடிவு செய்வது, வரைபடத்தைப் படிக்கத் தெரியாதவர் செய்யும் பிழை. ஆனால் 'டோப்போ ஷீட்டின்படி அடர்ந்த காடு' என்ற சொற்றொடர் அலுவலகக் குறிப்புகளில் ஒரு தீர்ப்பைப் போல உட்கார்ந்திருக்கும்.

செயற்கைக்கோள் படத்தின் கதை இதைவிடச் சிக்கலானது. வன உரிமைச் சட்டம், 2006இன்படி ஒருவர் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே நிலத்தை அனுபவித்து வந்திருக்க வேண்டும். எனவே அந்தக் காலத்துப் படத்தைத் தேடுகிறார்கள். அக்காலத்தில் பரவலாகக் கிடைத்த இந்தியத் தொலையுணர்வுப் படங்களில் ஒரு வகை, லிஸ்-3, 23.5 மீட்டர் துல்லியம் உடையது. ஒரு பிக்சல் என்பது ஏறக்குறைய 552 சதுர மீட்டர், அதாவது பதின்மூன்றரைச் சென்ட். ஒரு ஏக்கருக்கு ஏழு பிக்சல், அரை ஏக்கருக்கு மூன்றோ நான்கோ. ஓரத்துப் பிக்சல்களில் பாதி மரமும் பாதி வயலும் கலந்திருக்கும். இந்த நான்கு புள்ளிகளைப் பார்த்துவிட்டு ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையைப் பற்றி முடிவெடுக்க முடியுமா?

மேலும், மலையில் உழவுக்காடு வேறு, கொத்துக்காடு வேறு. ஏர் பூட்ட முடிந்த சற்றுச் சமமான நிலம் உழவுக்காடு. சரிவில் கொத்தினால் மட்டும் புரட்டக் கூடியது கொத்துக்காடு. கொத்துக்காட்டைச் சில ஆண்டு பயிரிட்டுச் சில ஆண்டு ஓய விடுவார்கள். ஓயும் ஆண்டில் புதர் மண்டும். அந்த ஆண்டின் படத்தில் அது காடாகத்தான் தெரியும். வடகிழக்குப் பருவமழை முடிகிற டிசம்பரில் எடுத்த படமாக இருந்தால் சாமைக்காடும் புதர்க்காடும் ஒரே பச்சை.

வட தமிழகத்து மலையூர் ஒன்றில் நான் பார்த்த ஒரு நிராகரிப்புக் கடிதத்தில் காரணமாக ஒரே வரிதான் இருந்தது: படத்தில் சாகுபடி தென்படவில்லை. எந்தப் படம், எந்தத் தேதி, என்ன துல்லியம், யார் படித்தார் என்று எதுவும் இல்லை. அந்த மூதாட்டி கடிதத்தை நெகிழி உறைக்குள் பத்திரமாக மடித்து வைத்திருந்தார். தமக்கு நிலம் வழங்கப்பட்ட கடிதம் என்றே நெடுநாள் நினைத்திருந்தாராம்.

2019 பிப்ரவரி 13 அன்று உச்ச நீதிமன்றம், கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றச் சொல்லிப் பிறப்பித்த உத்தரவைப் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். நாடு முழுவதும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களின் தலைமேல் தொங்கிய அந்த உத்தரவு பிப்ரவரி 28 அன்று நிறுத்தி வைக்கப்பட்டது. அதில் கவனிக்கப்படாத ஒரு பகுதி உண்டு. ஆக்கிரமிப்புகளின் நிலையையும், வெளியேற்றிய பின்னான நிலையையும் இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் மூலம் அளந்து நீதிமன்றத்தில் வைக்க வேண்டும் என்பது அது. மேலிருந்து எடுக்கும் படம் உரிமையைக் காட்டுவதற்கு முன்பே வெளியேற்றத்தைச் சரிபார்க்கும் கருவியாக நினைக்கப்பட்டுவிட்டது.

சட்டம் யார் கையில் பென்சிலைக் கொடுத்தது

இத்தனைக்கும் சட்டத்தின் எழுத்து நம் பக்கம் இருக்கிறது. கிராமம் என்பதற்கு வன உரிமைச் சட்டம் தரும் வரையறையில், வனக் கிராமங்களும் பழைய குடியிருப்புகளும் அளவை செய்யப்படாத ஊர்களும், அறிவிக்கை செய்யப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், அடங்கும். 3(1)(எச்) பிரிவு அத்தகைய ஊர்களை வருவாய்க் கிராமங்களாக மாற்றிக்கொள்வதையே ஓர் உரிமை என்கிறது. அளவை செய்யாமல் விட்டது அரசின் குறை, அதற்கு ஊரைத் தண்டிக்கக் கூடாது என்று நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டதாகத்தான் இதை நான் படிக்கிறேன். 2012இல் திருத்தப்பட்ட விதிகளின் 2ஏ, பதிவில் இல்லாத, அளவை செய்யப்படாத குடியிருப்புகளின் பட்டியலை ஊராட்சிகள் தயாரிப்பதை மாநில அரசு உறுதிசெய்ய வேண்டும் என்கிறது.

வரைபடத்தைப் பற்றி விதிகள் இன்னும் தெளிவாகப் பேசுகின்றன. கோரிக்கை நிலங்களை எளிதில் அடையாளம் காணக்கூடிய குறிகளோடு வரைபடமாக்க வேண்டியது ஊர் மக்கள் தேர்ந்தெடுத்த வன உரிமைக் குழு. அதற்கு வேண்டிய வன, வருவாய் வரைபடங்களையும் வாக்காளர் பட்டியலையும் கிராம சபைக்கோ குழுவுக்கோ வழங்குவது கோட்ட அளவிலான குழுவின் கடமை என்கிறது விதி 6. கேட்டால் தரலாம் என்று அங்கே எழுதியிருக்கவில்லை. விதி 12ஏ, குறிப்பிட்ட வகை ஆவணம்தான் வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது என்றும், செயற்கைக்கோள் படம் பிற சான்றுகளுக்குத் துணையாகலாமே ஒழிய அவற்றுக்கு மாற்றாகக் கூடாது என்றும் சொல்கிறது. விதி 13இன் சான்றுப் பட்டியலில் அரசிதழும் கெசட்டியரும் வரைபடமும் இருக்கின்றன. கோரிக்கையாளர் அல்லாத முதியவர்களின் எழுத்தில் பதிந்த வாக்குமூலமும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை கருதப்பட வேண்டும். மேலே சொன்ன ஒற்றைவரி நிராகரிப்புக் கடிதம் இந்த விதிகளின் முன் ஒரு நிமிடம்கூட நிற்காது. ஆனால் 60 நாட்களுக்குள் மேல் குழுவிடம் மனுச் செய்ய வேண்டும் என்பது அந்த மூதாட்டிக்கு யாரும் சொல்லவில்லை.

முதியவர் சொல்லை நீதிமன்றம் ஏற்குமா என்று இளம் வழக்குரைஞர்கள் தயங்குகிறார்கள். கல்வராயனுக்கு அடுத்துள்ள சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியை நினைத்துப் பாருங்கள். 1992 ஜூன் 20 அன்று நடந்த கொடுமைக்கு எதிராக நின்றது மலையாளிப் பெண்களின் வாய்மொழி. எதிரே நின்றவர்கள் 269 அரசு ஊழியர்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றம் அப்பெண்களின் சொல்லை நம்பியது, 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. குற்ற வழக்கின் கடுமையான தரநிலையிலேயே ஏற்கப்பட்ட வாய்மொழி, ஒரு வயலின் எல்லைக்கு ஏன் போதாது?

தமிழ்நாட்டில் இச்சட்டம் பிந்தி வந்ததற்குத் தனி வரலாறு உண்டு. 2008இல் சென்னை உயர் நீதிமன்றம், தன் அனுமதியின்றி உரிமைப் பட்டயம் வழங்கக் கூடாது என்று இட்ட இடைக்கால உத்தரவு 2016இல்தான் உச்ச நீதிமன்றத்தில் நீங்கியது. எட்டு ஆண்டுகள் போயின. அந்த எட்டு ஆண்டுகளில் இறந்துபோன முதியவர்களே நமக்கு இருந்த மிகச் சிறந்த வரைபடங்கள்.

எழுபத்தைந்து ஆண்டும் பெயரில்லாத சேரியும்

இந்தத் தளத்தின் வாசகர்கள் கேட்கக் கூடிய கேள்விக்கு வருகிறேன். மலையிலும் மலையடிவாரத்திலும் வாழ்கிற தலித் குடும்பங்களுக்கு இச்சட்டத்தில் என்ன இருக்கிறது?

அவர்கள் 'இதர மரபுவழி வனவாழ் மக்கள்' என்ற வகையில் வருவார்கள். பழங்குடியினருக்கு இல்லாத ஒரு சுமை அவர்களுக்கு உண்டு. 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், காட்டில் வாழ்ந்து அதைச் சார்ந்திருந்ததைக் காட்ட வேண்டும். கணக்குப்படி 1930. சேரியில் பிறந்த யாரிடம் 1930இன் ஆவணம் இருக்கும்? இந்த ஒரு வரியே பல இடங்களில் தலித் கோரிக்கைகளைத் தொடக்கத்திலேயே மூடிவிடுகிறது. ஆனால் பிரிவைக் கவனமாகப் படித்தால், 75 ஆண்டு என்பது அங்கே வாழ்ந்ததற்கும் சார்ந்ததற்கும் உரிய நிபந்தனை. குறிப்பிட்ட அந்த வயலை 75 ஆண்டு உழுதிருக்க வேண்டும் என்று அங்கே எழுதப்படவில்லை. அலுவலர்கள் இரண்டையும் குழப்புகிறார்கள், சில நேரம் நம்மவர்களும்தான்.

வாழ்ந்ததைக் காட்ட பழைய வரைபடம் உதவும். 1905க்குப் பின் ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் வரையப்பட்ட டோப்போ ஷீட்டுகளின் ஓரத்தில் அளவை நடந்த ஆண்டு அச்சிட்டிருக்கும். 1930க்கு முந்தைய தாளில் உங்கள் குடியிருப்பு ஒரு சிவப்புப் புள்ளியாக இருந்தாலும் அது விதி 13இன் சான்று. பிரான்சிஸ் எழுதிய தென்னாற்காடு கெசட்டியர் 1906இலும் ரிச்சர்ட்ஸ் எழுதிய சேலம் கெசட்டியர் 1918இலும் வந்தவை; இரண்டும் இம்மலையைப் பற்றிப் பேசுபவை. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் ஒரு வாரம் உட்காரத் தயாராக இருக்கும் நான்கு மாணவர்கள், நூறு குடும்பங்களின் கோரிக்கையை மாற்ற முடியும்.

ஓர் இடறலும் உண்டு. வரைபடங்களில் ஊருக்குப் பெயர் இருக்கும், சேரிக்குப் பல நேரம் பெயர் இருக்காது. ஊரின் பெயருக்குக் கீழே, சற்றுத் தள்ளி, பெயரற்ற புள்ளிகளாகக் கிடப்பதே நம் குடியிருப்பு. பின்னாளில் பெயர் வந்தபோது 'காலனி' என்று வந்தது. அச்சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் 2025 ஏப்ரல் 29 அன்று சட்டப்பேரவையில் அறிவித்தார். வரவேற்கிறேன். அதே வேளையில், பெயர் மாறும்போது பழைய பெயரோடு இணைக்கும் பதிவு இல்லாமல் போனால், பத்தாண்டு கழித்து 'இப்படியோர் ஊர் பழைய ஆவணத்தில் இல்லை' என்று அதே அலுவலகம் சொல்லும். பஞ்சமி நிலத்தில் இதைத்தான் பார்த்தோம். புதிய பதிவேட்டுக்கு மாற்றி எழுதும்போது நிபந்தனைக் குறிப்பு விழுந்துபோக, நிலம் கைமாறியது.

இன்னொன்றையும் நமக்குள் வெளிப்படையாகப் பேச வேண்டும். கிராம சபை வரையும் வரைபடம் தன்னாலேயே சமத்துவமானது ஆகிவிடாது. சமூக வன வளத்தின் எல்லையை ஊர்ப் பெரியவர்கள் நடந்து காட்டும்போது, அடிவாரத்துத் தலித்துகள் ஆடு மாடு ஓட்டிப் போகும் தடமும், விறகும் கடுக்காயும் பொறுக்கும் சரிவும் கோட்டுக்கு வெளியே போய்விடலாம். ஒரே காட்டை ஒன்றுக்கு மேற்பட்ட கிராம சபைகள் பயன்படுத்தினால் அவற்றின் வன உரிமைக் குழுக்கள் சேர்ந்து கூடிப் பேச வேண்டும் என்கிறது விதி 12. அந்தக் கூட்டத்துக்கு நம் குடியிருப்புக்கு அழைப்பு வருகிறதா, குழுவில் நம் பெண்கள் இருக்கிறார்களா என்பதைக் கேட்பது பழங்குடிகளுக்கு எதிரான செயலன்று. ஒரே ஜாகிரின் கீழும் ஒரே வனச் சட்டத்தின் கீழும் இருந்தவர்கள் தங்களுக்குள் கோடு போடும்போது காட்ட வேண்டிய கவனம் அது.

மலை பேசப்படும் போது

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. செத்தவர்களில் பெரும்பாலோர் கூலித் தொழிலாளர்கள். உடனே ஊடகங்களின் கண் கல்வராயன் மலைக்குத் திரும்பியது. மெத்தனால் தொழிற்சாலை வேதிப்பொருள், மலையில் விளைவதன்று. ஆனால் மலையில்தான் தேடுதல் வேட்டை நடந்தது. அந்த வேளையில் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு, மலைமக்களின் வாழ்நிலை குறித்துத் தாமாக முன்வந்து வழக்கொன்றை எடுத்தது. சாலை, பள்ளி, மருத்துவம், வேலை என்று அரசிடம் கேள்விகள் எழுந்தன.

நல்ல கேள்விகள். அவற்றின் விடை மீண்டும் வரைபடத்தில் போய் முட்டுகிறது. மலைச் சாலையின் ஒரு துண்டு காப்புக்காட்டைக் கடந்தால் வன அனுமதி வேண்டும். வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, கிராம சபையின் பரிந்துரையின் பேரில் சாலை, பள்ளி, மருந்தகம் போன்றவற்றுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட வன நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மிகாமல் வெட்டி, எளிய முறையில் தர வழிசெய்கிறது. ஆறு மீட்டர் அகலச் சாலை என்றால் ஒரு ஹெக்டேரில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் போடலாம். பல ஊர்களுக்கு அவ்வளவே தேவை. அந்தப் பரிந்துரையோடு வைக்க ஒரு வரைபடம் வேண்டும். இல்லாததால் கோப்பு நிற்கிறது, தூளி கட்டி நோயாளியைச் சுமப்பது தொடர்கிறது.

உலகின் வேறிடங்களிலும் இந்தச் சண்டை நடந்திருக்கிறது. நிகரகுவாவின் அவாஸ் டிங்னி பழங்குடிகளின் வழக்கில், 2001 ஆகஸ்டு 31 அன்று அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றம், அம்மக்களின் நிலத்தை அளந்து எல்லையிட்டுப் பட்டா வழங்க அந்நாட்டு அரசைப் பணித்தது. பட்டா கைக்கு வந்தது 2008 டிசம்பரில். தீர்ப்புக்குப் பிறகு ஏழு ஆண்டு எல்லையிடுவதிலேயே போனது. நம் நாட்டில் கட்சிரோலியின் மெந்தா-லேகா 2009இலேயே தன் சமூக வன உரிமையைப் பெற்றதென்றால், அந்த ஊர் பல ஆண்டுகளாகத் தன் காட்டைத் தானே நடந்து, எண்ணி, எழுதி வைத்திருந்தது ஒரு காரணம்.

அளக்கப் போகிறவர்களுக்குச் சில செய்திகள். பழைய டோப்போ ஷீட்டுகள் எவரெஸ்ட் கோளவுருவை அடிப்படையாகக் கொண்டவை. கைபேசியின் ஜிபிஎஸ் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ் 84. உரிய மாற்றம் செய்யாமல் ஒன்றன்மேல் ஒன்றை வைத்தால் எல்லைக்கோடு நூறு மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடக் கூடும். மலைச்சரிவில் நூறு மீட்டர் என்பது ஓர் ஊர். வனத்துறை வைக்கும் எல்லைப் படத்தில் எந்த அடிப்படை என்று எழுத்தில் கேளுங்கள். அடுத்தது சரிவு. முப்பது பாகைச் சரிவில் நாடாவைத் தரையோடு பிடித்து ஒரு ஏக்கர் என்று அளந்தால், வரைபடத்தில் அது 87 சென்ட்தான், ஏனெனில் வரைபடம் கிடைமட்டப் பரப்பையே கணக்கிடும். கோரிக்கைப் படிவத்தில் ஒன்று, வரைபடத்தில் ஒன்று என்று வேறுபட்டால் 'முரண்பாடு' என்று கோப்பைத் திருப்புவார்கள். எப்படி அளந்தோம் என்பதைப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள். மரநிழலில் ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும், எனவே மூலைக்கு மூலை ஒரு நிலையான குறியையும் பதியுங்கள்: பாறை, ஓடை, நடுகல், புளியமரம், கோயில், இடுகாடு. இடுகாட்டை மறவாதீர்கள். ஒரு சமூகம் எத்தனை காலம் அங்கிருக்கிறது என்பதை அதைப் போலச் சொல்வது வேறெதுவும் இல்லை.

2030க்கு இன்னும் சில ஆண்டுகளே உள்ளன. விமானமோ ட்ரோனோ மேலே பறந்து படம் எடுத்த பிறகு, அதிலுள்ள எந்தப் பரப்புக்குக் காடு என்று பெயரிடுவது என்பதை யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து முடிவு செய்வார். நிலையான கற்கள் இட்டு முடித்த வருவாய் அளவைக்குத் தமிழ்நாடு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம், 1923இன் 13ஆம் பிரிவு தீர்மானமான சான்றுமதிப்பைத் தருகிறது. அதை அசைக்க உரிமையியல் வழக்குக்கு 14ஆம் பிரிவு தரும் காலம் மூன்றே ஆண்டு. புதிய படங்கள் அந்தத் தகுதியை எப்போது, எவ்வழியில் பெறும் என்பதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். அதற்குள் கல்வராயன் மலையின் ஒவ்வொரு குடியிருப்பும் தன் வரைபடத்தைக் கிராம சபைத் தீர்மானத்தோடு கோட்ட அளவிலான குழுவிடம் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கியிருக்க வேண்டும். விதி 6இன்படி வன, வருவாய் வரைபடங்களைக் கேட்கும் கடிதத்தை அடுத்த கிராம சபைக்கு முன்பே அனுப்பலாம். அதற்குக் கட்டணம் இல்லை.